வட்டகொடை வண்டிகளின் உயரம்

கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறிச் செல்லும் மலைநாட்டு இருப்புப்பாதையில், தலவாக்கலையைத் தாண்டியபின், கிரேட் வெஸ்டர்ன் மலையின் அடிவாரத்தை நோக்கி ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு போகும் வழியில், நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் சிற்றூர் வட்டகொடை. இங்கும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இன்னும் உயிரோடு உழைத்துக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகளையும் லேண்ட் ரோவர்களையும் கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு விஷயம் புலப்படும். அவற்றுள் அநேகம், அவற்றைச் செய்த கம்பெனி உத்தேசித்த உயரத்தைவிட இரண்டு மூன்று விரற்கடை அதிகமாக நிமிர்ந்து நிற்கும். சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே உள்ள வில் பட்டைகளை மாற்றியோ, கூட்டியோ, மீண்டும் வளைத்தோ உண்டாக்கிய உயரம் அது. நகரத்து வாலிபர்கள் இப்போது பெரும்பொருள் செலவிட்டு விநோதமாகச் செய்துகொள்ளும் இந்தக் காரியம் தோட்டப்புறத்தில் நெடுங்காலமாக ஒரு நிர்ப்பந்தமாகவே இருந்து வந்திருக்கிறது. பாதையைத் திருத்தும் அதிகாரம் கைவராத ஜனங்கள், தங்கள் கைக்கு எட்டிய வண்டியைத் திருத்திக்கொண்டார்கள் என்பதே இதன் சரித்திரம் என்று நான் கருதுகிறேன்.

வில்லின் சாஸ்திரத்துக்கும் இந்த மலைகளுக்கும் உள்ள சம்பந்தம் ஒரு விசித்திரமான இடத்தில் தொடங்குகிறது. இழுக்கும் பலம் எவ்வளவோ அவ்வளவுக்கே வில் நீளும் என்னும் விதியை 1678-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்ட ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானியே, மூன்று ஆண்டுகள் கழித்து, கண்டி ராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருஷம் சிறைப்பட்டிருந்து தப்பிச் சென்ற ராபர்ட் நொக்ஸ் எழுதிய இலங்கைச் சரித்திர நூலுக்கு முன்னுரை எழுதி, அது அச்சேறுவதற்கும் துணை நின்றார். கண்டி நாட்டின் வழிகள் ஒற்றையடிப் பாதைகளாக இருந்ததையும், முள்வேலிக் கதவுகளால் காக்கப்பட்டதையும் நொக்ஸ் அந்நூலில் விவரிக்கிறார். மலையே கோட்டையாக இருந்த ராச்சியத்துக்கு அகன்ற பாதை ஒரு சத்துருவாகத்தான் தோன்றியிருக்கும். சக்கரம் ஏறாத அந்த மலைகளைப் பற்றிய ஏட்டைத் தம் கையால் ஒழுங்குபடுத்திய மனிதரே சக்கரத்துக்கு மேல் மனிதனைச் சுகமாக ஏந்தி நிற்கும் பொருளின் விதியையும் வகுத்தவர் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று.

1815-ல் கண்டி வீழ்ந்த பின்னர், படை நகரவேண்டும் என்ற எண்ணத்தோடு ஆங்கிலேயர் பாதை வெட்டத் தலைப்பட்டார்கள். கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில் கடுகண்ணாவை மலையைக் குடைந்து கண்டிக்கு வழி செய்யப்பட்டது. அதை நடத்திய காப்டன் டோசன் 1829-ல் இறந்தார். அவர் பெயரால் எழுந்த கோபுரம் இன்னும் நிற்கிறது. பின்வந்த தோமஸ் ஸ்கின்னர் 1867 வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு பாதை போடுவதையே வாழ்க்கையாகக் கொண்டார். ராணுவத்துக்கு என வெட்டிய வழியில் கோப்பி மூட்டைகள் இறங்கின. மன்னாரில் கரையேறிக் காட்டுவழியே நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அவ்வழியிலேயே மலைக்கு ஏறினார்கள். நடந்தவர்களில் எத்தனையோ பேர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டார்கள் என்பதைச் சொல்லாமல் இந்நாட்டின் எந்தப் பாதையைப் பற்றியும் எழுதுவது நியாயமாகாது.

அக்காலத்து மாட்டுக் கரத்தைக்கு வில் கிடையாது. மரச் சக்கரத்தின் மேல் மர அச்சு, அதன்மேல் நேரே சட்டம். கல்லில் சக்கரம் மோதினால் அந்த அடி மூட்டைக்கும் மாட்டின் கழுத்துக்கும் அப்படியே போய்ச் சேரும். இங்கிலாந்தில் 1804-லேயே ஒபடையா எலியட் என்பவர் பட்டைகளை அடுக்கிய வளைந்த வில்லை வண்டியின் கீழ் வைத்துப் பேட்டண்ட் பெற்றிருந்தார். தமிழ்நாட்டு மிராசுதார்களின் வீட்டு வாசலில் வில்வண்டி நின்றது. அந்த வண்டி வெறும் சௌகரியமாக மட்டும் இருக்கவில்லை என்பதற்குத் திருவாங்கூரில் அய்யன்காளி 1893-ல் செய்த காரியமே சாட்சி. புலையர் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த ராஜபாட்டையில், வெள்ளை மாடுகள் பூட்டிய வில்வண்டியில் ஏறி அவர் சென்றதை மேல்சாதியார் கலகமாகவே எடுத்துக்கொண்டார்கள். வில்லின்மேல் அமர்பவர் யார், அது போகும்போது வழிவிட்டு ஒதுங்கி நிற்பவர் யார் என்ற கேள்வி மலைநாட்டில் இன்னும் கடுமையாக இருந்தது. தோட்டத்துத் துரை குதிரையில் வருவார், பிற்காலத்தில் மோட்டாரில் வருவார். தொழிலாளி பாதையோரத்துக் கானுக்குள் இறங்கி நிற்பார்.

கோப்பியை இலைநோய் அழித்தது. 1869-ல் மடுல்சீமைப் பக்கத்தில் முதன்முதல் காணப்பட்ட அந்தத் துரு பதினைந்து வருஷத்துக்குள் தோட்டங்களை வெறுமையாக்கி, தேயிலைக்கு இடம் விட்டது. ரயில் 1884-ல் ஹட்டனையும், 1885-ல் நானுஓயாவையும் அடைந்தது. வட்டகொடை அந்த இடைவெளியில் உள்ள ஸ்டேசன். இதனால் ஒரு முக்கியமான மாறுதல் உண்டாயிற்று. கொழும்பு வரையுள்ள நீண்ட பயணத்தின் சுமை இரும்புச் சக்கரத்துக்கு மாறிப்போக, கரத்தைக்கு எஞ்சியது ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஸ்டேசன் வரையுள்ள சில மைல்களே. ஆனால் அந்தச் சில மைல்கள்தான் பாதையிலேயே மிகக் கெட்டவை. ரயில் பாதையை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. பெருந்தெருவை மராமத்து இலாகா பார்த்துக்கொண்டது. தோட்டத்துக்குள் சென்ற ரோட்டை மட்டும், செலவைக் கணக்குப் பார்க்கும் தோட்டக் கம்பெனியின் தயவுக்கு விட்டுவிட்டார்கள். தேயிலைப் பெட்டி ஒரு முறை நல்லபடியாக இறங்கினால் போதும் என்ற அளவுக்கே அது செப்பனிடப்பட்டது. மலையிலிருந்து ஸ்டோருக்குக் கொழுந்து போவதற்கோ வண்டி ரோட்டும் இல்லாத இடம் உண்டு. தலைக்கயிற்றில் தொங்கும் கூடையோடு பெண்கள் குறுக்கு வழியே இறங்குவார்கள், சில தோட்டங்களில் மூட்டைகளைக் கம்பியில் கோத்துப் பள்ளத்துக்கு ஓடவிடுவார்கள்.

இவ்வூரின் மடக்கொம்பரைத் தோட்டத்தில்தான் 1914-ல் ஸி. வி. வேலுப்பிள்ளை பிறந்தார். மலையகத் தமிழரின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுத்தாக்கி, அவர்களுடைய பாடல்களையும் திரட்டிய அவர், 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் தலவாக்கலைத் தொகுதிக்குப் பாராளுமன்ற அங்கத்தினரானார். மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து, அவரைத் தேர்ந்தெடுத்த ஜனங்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. பாதை கேட்கவும் பாலம் கேட்கவும் ஒரு குடிமகனுக்கு உள்ள குரல் அதோடு அடைபட்டது. இதை நான் வண்டிக் கதையின் நடுவே கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. வாக்கில்லாத ஊருக்குத் தார் வராது.

அதே 1948-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஆம்ஸ்டர்டாம் நகரத்து மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக ஜனங்கள் முன் வைக்கப்பட்டது. ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளரான மாரிஸ் வில்க்ஸ், யுத்தத்தில் மிஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப்பை வேல்ஸ் நாட்டு ஆங்கில்ஸி தீவிலுள்ள தம் பண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்தார். அது பழுதானால் அதற்கு ஈடாக எதை வாங்குவது என்ற யோசனையிலிருந்துதான் இந்த வண்டி பிறந்தது. அச்சுகளின் இடைவெளி ஜீப்பைப் போலவே 80 அங்குலம். இங்கிலாந்தில் எஃகுக்குப் பஞ்சமாக இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தப் பஞ்சமே, வருஷத்தில் பாதி நாள் மழையிலும் மூடுபனியிலும் நனையும் எங்கள் மலைக்கு அநுகூலமாக முடிந்தது. உடல் துருப்பிடிக்கவில்லை, அடிச்சட்டம்தான் உள்ளிருந்து அரித்தது. நான்கு சக்கரத்துக்கும் மேலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளாலான வில். எலியட் காலத்துக் குதிரை வண்டியில் இருந்த அதே தத்துவம், நூற்று நாற்பத்துநான்கு ஆண்டுகள் கழித்தும் பெரிதாக மாறாமல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அந்த வில்லைச் சற்று அருகில் பார்ப்போம். இரு முனையிலும் காது வளைத்த நீளமான மெயின் பட்டை மேலே இருக்கும். அதன்கீழ் ஒன்றைவிட ஒன்று குட்டையாகப் பல பட்டைகள். நடுவே எல்லாவற்றையும் துளைத்துச் செல்லும் சென்டர் போல்ட். அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட். ஒரு முனை அடிச்சட்டத்தில் நிலையாகவும், மறுமுனை வில் நீளும்போது ஆடி இடங்கொடுக்கும் ஷெக்கலிலும் தொங்கும். லேண்ட் ரோவரில் இன்னொரு நுட்பமும் உண்டு: டிரைவர் பக்கத்து வில்லும் மறுபக்கத்து வில்லும் ஒன்றல்ல. டிரைவரும் பெட்ரோல் டாங்கியும் அமரும் பக்கத்துக்குச் சற்றே அதிக வளைவு கொடுத்திருப்பார்கள். இது தெரியாமல் இடம் மாற்றிப் பூட்டினால் வண்டி ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். அடிச்சட்டம் கோணிவிட்டது என்று எண்ணி வீண்செலவு செய்தவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள்.

பட்டையின் கனம் இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். கணக்குப் படித்த எஞ்சினியருக்குச் சூத்திரமாகத் தெரிந்த இதைக் கராஜில் வேலைசெய்யும் பாஸ்மார், அதாவது கைத்தொழிலாளர்கள், கையாலேயே அறிந்திருந்தார்கள். சுமை ஏற்றி ஏற்றி வில் தட்டையாகிவிட்ட வண்டியை உயர்த்த அவர்களுக்கு மூன்று உபாயங்கள் உண்டு. எளியது, ஷெக்கலை நீளமாக்குவது. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம் எழும்பும், ஆனால் அச்சு சற்றுப் புரண்டு ஸ்டியரிங் தன்போக்கில் அலையத் தொடங்கும். இரண்டாவது, ஏதாவதொரு லொறியிலிருந்து கழற்றிய பட்டையை அளவுக்கு வெட்டி நடுவில் சேர்ப்பது. உயரமும் வரும், பாரமும் தாங்கும், ஆனால் வெறும் வண்டியாக ஓடும்போது கல்லின் ஒவ்வோர் அடியும் முதுகெலும்பில் எண்ணப்படும். மூன்றாவதே உண்மையான வித்தை: பட்டைகளை எல்லாம் பிரித்து, கரி உலையில் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, அச்சு வளைவின்மேல் வைத்து அடித்து, எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் மறுபடியும் காட்டிப் பதம் இறக்குவது. பதம் ஏறிப்போனால் முதல் முடக்கிலேயே பட்டை கண்ணாடியாக ஒடியும்; பதம் இறங்கிப்போனால் ஒரு மாதத்துக்குள் மீண்டும் படுத்துவிடும். உலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் பட்டையைக் குளிர்ந்த நிலையிலேயே சம்மட்டியால் வரிசையாக அடித்து வளைப்பதுண்டு. அவசரத்துக்கு அது போதும்.

ஒடிந்த பட்டையும் வீணாவதில்லை. வண்டி வில்லின் எஃகு நல்ல எஃகு என்பது கொல்லர்கள் அறிந்த விஷயம். லொறிக்கு அடியில் இருபது வருஷம் சுமந்த உலோகம் பிறகு கத்தியாகி, கவ்வாத்துக் காலத்தில் தேயிலைச் செடியின் தலையைச் சீவும்.

வில்லை உயர்த்துவதைப் பற்றிப் பலரும் கொண்டிருக்கும் ஒரு தப்பபிப்பிராயத்தை இங்கே நீக்கவேண்டும். வில் உயர்ந்தால் உடலும் அடிச்சட்டமும்தான் உயரும். அச்சின் நடுவே வயிறு தள்ளி நிற்கும் டிபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். தோட்ட ரோட்டில் இரண்டு சக்கரத் தடமும் பள்ளமாகி, நடுவே புல் முளைத்த மேடு எழுந்து நிற்கும். அந்த மேட்டில் முதலில் உராய்வது இந்த உருண்டைதான். அதை உயர்த்த வேண்டுமானால் பெரிய டயர் போடவேண்டும். பெரிய டயர் சட்டத்தில் உரசாமல் சுழல இடம் வேண்டுமானால் வில்லை உயர்த்தவேண்டும். ஆக, ஒன்று மற்றொன்றை இழுத்துவருகிறது. அத்தோடும் நிற்பதில்லை, பிரேக் குழாய் எட்டாமல் விறைக்கும், எஞ்சின் பலத்தைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் தண்டின் சரிவு கூடிக் குறுக்கு ஜொயின்ட் தேயும். எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், பாரத்தின் மையம் மேலே போவது. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம், பள்ளத்துப் பக்கம் சரிந்த ஈரமண் ரோடு: இத்தகைய இடத்தில் இரண்டு அங்குல உயரம் உபகாரமா அபகாரமா என்பது டிரைவரின் நிதானத்தைப் பொறுத்தது. உயர்த்திய வண்டியை ஓட்டத் தெரியாதவனிடம் கொடுப்பதைவிடத் தட்டையான வண்டியைக் கல்லில் உரசிக்கொண்டு போவது மேல் என்பது என் துணிபு.

1972, 1975 ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனவசமவின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் வந்தன. இறக்குமதி இறுகியிருந்த அந்தக் காலத்தில் புது வண்டியோ, புது வில்லோ எளிதில் கிட்டுவதற்கில்லை. துரைமாரைச் சுமந்த லேண்ட் ரோவர்கள் மெல்ல மெல்லப் பதவியிறங்கி, உர மூட்டையையும் சம்பளப் பணத்தையும் சில வேளை கொழுந்தையும் ஏற்றின. நோயாளியை ஏற்றும் காரியத்தில் மட்டும் அவற்றை எப்போதும் எதிர்பார்க்க முடிந்ததில்லை. பிரசவ வேதனையில் உள்ள பெண்ணைக் கொழுந்து லொறியின் தட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை மலையகத்தில் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்தில் கேட்டாலும் கிடைக்கும். பல தொன் சுமைக்கென்று விறைப்பாகக் கட்டிய லொறி வில், இரண்டு மூன்று மனிதரின் பாரத்துக்கு அசையவே அசையாது. கல்லின் அடி நேரே மேலேறும். சுமைக்கு நல்லதாக அமைந்த வில் நோயாளிக்குத் தண்டனையானது.

இப்படிப்பட்ட வண்டி வாழ்க்கை எங்கள் மலைக்கு மட்டும் உரியதன்று. டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங் என்னும் ஊரில், சந்தக்பூ சிகரத்துக்கு ஏறும் கல்பாதையில், ஐம்பதுகளின் லேண்ட் ரோவர்கள் நேற்றுவரை பிரயாணிகளைச் சுமந்தன. தேனி மாவட்டத்தின் எல்லையில், ஏறக்குறைய எட்டாயிரம் அடியில் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு இன்றைக்கும் சூரியநெல்லிப் பக்கமிருந்து ஜீப்பில்தான் ஏறவேண்டும். மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைக்காகத் தமிழர்கள் குடியேறிய அந்த மண்ணில், காய்கறித் தோட்டக்காரர்கள் கதவும் கூரையும் களைந்த லேண்ட் ரோவர்களைப் பட்டைமேல் பட்டை அடுக்கி உயர்த்திச் சரக்கு வண்டிகளாக்கி இருப்பதைக் காணலாம். மூன்றிடத்திலும் காரணம் ஒன்றே. தோட்டம் வந்த வேகத்துக்குப் பாதை வரவில்லை.

மேல்நாட்டில் வில்லின் போக்கே மாறிவிட்டது. 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர் பட்டையைக் கைவிட்டுச் சுருள்வில்லை ஏற்றது. 1983-ல் லேண்ட் ரோவரும் அவ்வழியே சென்றது. பழைய வண்டிகளைப் பேணுவோருக்கென்று பாரபோலிக் பட்டைகள் சந்தைக்கு வந்தன: பத்துப் பட்டைக்குப் பதிலாக இரண்டு மூன்று, நடுவே தடித்து முனையில் மெலிந்தவை, ஒன்றோடொன்று முழுக்க உரசாதவை. பட்டைகள் உரசும் உராய்வே பழைய வில்லின் முரட்டுத்தனத்துக்குப் பாதிக் காரணமாகையால், இவை ஓர் அங்குலம் உயர்த்தவும் செய்து மென்மையையும் தருகின்றன. ஆனால் அந்த உராய்வுதான் வண்டி துள்ளாமல் அடக்கியும் வந்தது. அதற்கு ஈடாக நல்ல ஷொக் அப்சோபர் போடாவிட்டால் வண்டி அலைமேல் படகாகும். நான் அறிந்தவரையில், கிரமமாகச் சுமை ஏற்றும் தோட்ட வண்டிக்குப் பழைய அடுக்கு வில்லே பொருந்தும். ஒடிந்தால் ஒரு பட்டையை மட்டும் மாற்றலாம், அதற்குத் தலவாக்கலையைத் தாண்டிப் போகவேண்டியதில்லை.

பாதையின் கதைக்கு வருவோம். தோட்டங்கள் 1992-ல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. வட்டகொடைத் தோட்டமும் கிரேட் வெஸ்டர்னும் தலவாக்கலைக் கம்பெனியின் கீழ் வந்தன. ஆனால் 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைத் தாராளமாகச் செலவிட இடங்கொடாமல் வேலி கட்டியிருந்தது. வாக்குரிமை மீண்டும் கைக்கு வந்து, தோட்ட மக்கள் தெரிந்தெடுத்த அங்கத்தினர்களே சபையில் உட்கார்ந்திருந்தும், அந்த மக்கள் நடக்கும் ரோட்டில் ஒரு வண்டி ஜல்லி கொட்ட அவர்களுக்குச் சட்டம் தடையாக நின்ற விபரீதம் முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது. 2018-ல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. 

இப்போது ஒரு துண்டு கொங்கிறீட், அதற்கப்பால் பழைய கல், மறுபடியும் ஒரு துண்டு கொங்கிறீட் என்று போடப்படும் பாதையில் வண்டி வைத்திருப்பவருக்குப் புதிதாக ஒரு சங்கடம் உண்டு. உயர்த்திய வில் கல்லில் உதவும். வழுவழுப்பான கொங்கிறீட்டில், வெறும் வண்டியாக இறங்கும்போது, முடக்குதோறும் உடலை வெளிப்புறம் தள்ளும். சேர்த்த பட்டையைக் கழற்றினால் அடுத்த கல்துண்டில் அடிச்சட்டம் இடிக்கும். ஆகையால் லொறிக்காரரும் ஜீப்காரரும் தத்தம் லயத்துக்கும் ஸ்டோருக்கும் இடையே கல் எத்தனை தூரம், கொங்கிறீட் எத்தனை தூரம், ஏற்றும் சுமை எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் கராஜுக்குப் போகவேண்டியிருக்கிறது. போனாலும், ஒரு பட்டையைக் கழற்றச் சொல்வதா, இருக்கட்டும் என்று விட்டுவிடுவதா என்பதை, அடுத்த மழைக்குப் பிறகு அந்தக் கொங்கிறீட் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.